கேட்டுல நிக்குற ஆளோட முகம் தெரியணும்னா கேமரா எப்படி பாத்து வாங்கணும்

போன ஐப்பசி மழையில மார்த்தாண்டத்துக்கு மேக்க ஒரு ரப்பர் கடையில ராத்திரியோட ராத்திரியா ரப்பர் ஷீட்டு நாலஞ்சு கெட்டு திருட்டு போச்சு. கடைக்காரர் எனக்கு தெரிஞ்சவர், காலையில ஆறு மணிக்கே போன் பண்ணி கூப்பிட்டார். நான் போய் சேரும்போது டிவிக்கு முன்னால பத்து பேரு நிக்காங்க, படத்த நிறுத்தி நிறுத்தி பாக்காங்க, ஒரு ஆளு கேட்ட தொறந்து உள்ள வாறது தெரியுது, சாரத்த மடிச்சு கெட்டியிருக்கது தெரியுது, தலையில என்னமோ சுத்தியிருக்கது தெரியுது, முகம் மட்டும் வெள்ளையா ஒரு பொட்டு. "5 மெகாபிக்சல் மக்கா, நல்ல ரூவா குடுத்து வாங்குனது, பின்ன முகம் ஏன் வெளங்கல?"ன்னு அண்ணாச்சி கேட்டார். அந்த படத்த பென்டிரைவ்ல எடுத்து கம்ப்யூட்டர்ல வச்சு பெரிசாக்கி கட்டம் கட்டமா எண்ணி பாத்தேன். ஒரு காதுல இருந்து மறு காது வர மொத்தமே எட்டு கட்டம். எட்டு கட்டத்துல கண்ணு எங்க, மூக்கு எங்க?

ஆனா நான் எண்ணி முடிக்கதுக்கு முன்னாடியே அந்த வீடியோ வாட்ஸ்அப்ல போயாச்சு. நடைய பாத்தா இன்ன ஆளுன்னு ஒருத்தர் சொல்ல, அந்த பக்கத்துல ரப்பர் பால் வெட்டுற ஒரு பையன ரெண்டு நாளு கூப்பிட்டு விசாரிச்சாங்க. அவன் அன்னைக்கு ராத்திரி அருமனையில ஒரு கல்யாண வீட்டுல பந்தி வெளம்பிட்டு நின்னிருக்கான், பாத்த ஆளு அம்பது பேரு உண்டு. அவனோட அம்மா பொறவு என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க, "அந்த படத்துல கண்ணும் மூக்கும் உண்டா மக்ளே? இல்லல்லா, பின்ன எம் பிள்ளைன்னு எப்படி சொன்னாவ?" கேமரா வைக்குற இந்த வேலையில இத்தன வருஷத்துல நான் கேட்ட கேள்வியில இத விட சரியான கேள்வி கெடையாது. ஒரு கேமரா படத்த வச்சு எது சொல்லலாம், எது சொல்லக்கூடாதுங்கறதுக்கு உலகம் பூரா ஒரு அளவு இருக்கு, அது தெரியாம கேமரா வாங்குறதும் தப்பு, படத்த பாத்து ஆள சொல்லுறது அதவிட பெரிய தப்பு. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த அளவு என்னன்னு பாப்போம்

ஐஇசி 62676ன்னு சிசிடிவிக்கு ஒரு சர்வதேச தரம் உண்டு, அதுல 4-ம் பாகத்தோட 2014 பதிப்புல உள்ள அளவத்தான் இங்க சொல்லுறேன். அதுல கேமராவுக்கு எத்தன மெகாபிக்சல் வேணும்னு சொல்லல. நீங்க பாக்க வேண்டிய எடத்துல, அதாவது ஆளு நிக்குற அந்த எடத்துல, ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தன பிக்சல், அதாவது நான் எண்ணுன அந்த கட்டம், விழுதுன்னுதான் கேக்குது. 25 பிக்சல் விழுந்தா அங்க ஒரு ஆளு இருக்கான்னு சொல்லலாம், அவ்வளவுதான், இது டிடெக்ஷன். 62 பக்கத்துல இருந்தா என்ன உடுத்தியிருக்கான், கையில என்ன வச்சிருக்கான், எந்த பக்கம் போறான்னு தெரியும், இது அப்சர்வேஷன். 125 இருந்தா ரெகக்னிஷன், அதாவது அந்த ஆள முன்னமே நல்லா பழக்கமுள்ளவங்க பாத்தா இவன் இன்னாருன்னு ஓரளவு உறுதியா சொல்ல முடியும். 250 இருந்தாத்தான் ஐடென்டிபிகேஷன், முன்ன பின்ன தெரியாத ஆளா இருந்தாலும் சந்தேகத்துக்கு எடமில்லாம அடையாளம் சொல்லலாம். இதுக்கு மேல 1000 வர ஒரு அளவு உண்டு, அது ரொம்ப நுணுக்கமா பாக்குறதுக்கு, நம்ம கடைக்கும் வீட்டுக்கும் தேவப்படாது.

இத இன்னொரு மாதிரியும் பாக்கலாம், எனக்கு இதுதான் சட்டுன்னு மனசுல நிக்கும். 250ன்னா ஒரு பிக்சல் 4 மில்லிமீட்டர், 125ன்னா 8 மில்லிமீட்டர், 25ன்னா ஒரு பிக்சலே 4 சென்டிமீட்டர். மனுஷ முகம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் அகலம், அப்பம் 250-ல முகத்துக்கு 40 பிக்சல் கெடைக்கும், 125-ல 20, 62-ல வெறும் பத்து. அந்த ரப்பர் கடை படத்துல கெடைச்சது எட்டு. உடுப்பு சொல்லுறதுக்குக்கூட காணாத படத்த வச்சு ஆள சொல்லியிருக்காங்க. அந்த அம்மா கேட்டதுக்கு பதில் இதுதான்.

மெகாபிக்சல கூட்டுனா என்ன கெடைக்கும், என்ன கெடைக்காது

கணக்கு போட அகலத்துல எத்தன பிக்சல்னு மட்டும் பாத்தா போதும். 2 மெகாபிக்சல்னா 1920, 4 மெகாபிக்சல்னா 2560, 5-ன்னா பெரும்பாலும் 2592, 8 மெகாபிக்சல் அதாவது 4கேன்னா 3840. இங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறது. 2-ல இருந்து 8-க்கு போனா நாலு மடங்குன்னு கடையில சொல்லுவாங்க, அது பொய் இல்ல, ஆனா அந்த நாலு மடங்கு அகலத்துலயும் உயரத்துலயும் பங்கு வச்சு போயிரும், அதனால முகம் தெரியுற தூரம் ரெண்டு மடங்குதான் கூடும். 2-ல இருந்து 4-க்கு போனா தூரம் மூணுல ஒரு பங்குதான் கூடும், மூணு மீட்டர்ல தெரிஞ்சது நாலு மீட்டர்ல தெரியும், அவ்வளவுதான்.

அதே நேரத்துல லென்ஸ மாத்தி பாருங்க. சாதாரணமா வாற கேமராவுல சென்சார், அதாவது வெளிச்சத்த வாங்கி படமாக்குற சில்லு, அகலம் அஞ்சரை மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கூடுதலா இருக்கும், அத லென்ஸ் எம்எம்மால வகுத்து தூரத்தால பெருக்குனா அந்த தூரத்துல எத்தன மீட்டர் அகலம் படத்துல அடங்கும்னு வந்துரும். 2.8 எம்எம் லென்ஸ்னா தூரத்துக்கு ரெண்டு மடங்கு அகலம் அடங்கும், 10 மீட்டர் தள்ளி 20 மீட்டர் அகலம். 4 எம்எம்னா 10 மீட்டர்ல 14 மீட்டர். 6 எம்எம்னா 10 மீட்டர்ல ஒன்பது மீட்டர் சொச்சம். 12 எம்எம்னா 10 மீட்டர்ல நாலே முக்கால் மீட்டர். கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனா கடையில நின்னு மனக்கணக்கு போட இது தாராளம்.

இப்பம் 250 பிக்சல் எவ்வளவு தூரம் வர கெடைக்கும்னு பாருங்க. 2 மெகாபிக்சல், 2.8 எம்எம் லென்ஸ்: மூணே முக்கால் மீட்டர். அதே 2.8 லென்ஸ்ல 8 மெகாபிக்சல் போட்டா ஏழரை மீட்டர் சொச்சம். ஆனா அதே 2 மெகாபிக்சல்ல 6 எம்எம் லென்ஸ் போட்டா எட்டு மீட்டர், 12 எம்எம் போட்டா 16 மீட்டர். அதாவது 4கே வாங்கி கூடுதலா ரூவா குடுத்து ஹார்டு டிஸ்க்கயும் நெறைச்சு கெடைக்குறத விட லென்ஸ சரியா எடுத்தா கூடுதல் கெடைக்கும். அதுக்கு குடுக்குற வெல என்னன்னா பக்கவாட்டுல பாக்குற அகலம் குறையும். அதனால ஒரே கேமராவுல முற்றம் முழுசும் தெரியணும், கேட்டுல வாற முகமும் தெரியணும்னு கேக்காதீங்க, அது ரெண்டு கேமரா செய்ய வேண்டிய வேல. ஒண்ணு அகலமா பாக்க, இன்னொண்ணு ஆளு கட்டாயம் கடந்து போற அந்த ஒரு எடத்த மட்டும் நெருக்கி பாக்க. நம்ம பக்கத்து வீடுகள்ல புரையிடம் பெரிசு, தென்னையும் வாழையும் ரப்பருமா நாலு பக்கமும் தொறந்து கெடக்கும், எல்லா பக்கமும் 250 கொண்டு வர கெதி இருக்காது, தேவையும் இல்ல. கேட்டு, முன்வாசல், பின்வாசல், மாடிப்படி, இந்த மாதிரி ஆளு நுழையாம போக முடியாத எடத்துல 250 கொண்டு வாங்க, மத்த எடத்துல 25-ஓ 62-ஓ இருந்தா போதும், ஆளு வந்தான் போனான்னு தெரிஞ்சா சரி.

டிவிஆர்ல ஒளிஞ்சு கெடக்குற பாதி

ரப்பர் கடைக்கு வாறேன். கேமரா கடைத்திண்ணைக்கு மேல, கேட்டு 14 மீட்டர் தள்ளி, லென்ஸ் 2.8. கணக்குப்படி 14 மீட்டர்ல 28 மீட்டர் அகலம் அடங்கும், 2592-ஐ 28-ஆல வகுத்தா 92. முகத்துக்கு 15 பிக்சல் வரணும். எனக்கு எட்டுதான் கெடைச்சது. மீதி எங்க போச்சுன்னு டிவிஆர், அதாவது கேமரா படத்த பதிஞ்சு வைக்குற பெட்டியோட செட்டிங்ஸ்ல போய் பாத்தா ரெக்கார்டிங் 5எம் லைட்டுன்னு கெடக்கு. லைட்டுன்னா அகலத்துல பாதிய வெட்டி 1296-ஆ பதிஞ்சு, போட்டு காட்டும்போது இழுத்து விட்டு காட்டும். இதே மாதிரி 2 மெகாபிக்சலுக்கு 1080 என் இல்லன்னா 1080 லைட்டுன்னு வரும், அது 960-க்கு 1080. வெல குறைஞ்ச நெறைய டிவிஆர்ல வாங்கும்போதே இதுதான் வச்சிருக்கும், ஏன்னா அந்த டிவிஆரோட சிப்புக்கு எல்லா சேனலையும் முழுசா பதிய தெம்பு கெடையாது. டிவியில நேரா பாக்கும்போது ஒண்ணும் தெரியாது, படம் பளிச்சுன்னுதான் இருக்கும், பதிஞ்சத பொறவு போட்டு பாத்தாதான் தெரியும். அதனால நான் எல்லாருக்கும் சொல்லுறது, லைவ் படத்த பாத்து கேமரா நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க, பதிஞ்ச படத்த பாத்து சொல்லுங்க. டிவிஆர் வாங்கும்போது எல்லா சேனல்லயும் முழு 1080-ஆ ஒரு செகண்டுக்கு எத்தன பிரேம், அதாவது எத்தன படம், பதியும்னு கேட்டு, அட்டையில எழுதியிருக்கத பாத்து வாங்குங்க. நெட்வொர்க் கேபிள்ல ஓடுற ஐபி கேமராவும் அத பதியுற பெட்டியான என்விஆரும்னா இந்த லைட்டு தொல்ல பெரும்பாலும் இருக்காது.

போன்ல பாக்குறதும் இதே கதைதான், ஆப்ல சாதாரணமா வாறது சப் ஸ்ட்ரீம், அதாவது சுருக்கி அனுப்புற படம், அகலம் 640-ஓ 704-ஓ தான் இருக்கும். திருட்டு நடந்தா போன்ல இருந்து ஸ்கிரீன் ரெக்கார்டு எடுத்து அனுப்பாதீங்க, டிவிஆர்ல பென்டிரைவ் குத்தி மெயின் ஸ்ட்ரீம, அதாவது முழு அளவு படத்த, எடுங்க.

ராத்திரிதான் கேமராவுக்கு பரீட்சை

மேல சொன்ன கணக்கெல்லாம் பகலுக்கு. ராத்திரி வேற. ஒரே அளவு சென்சார்ல 2 மெகாபிக்சலுக்கு பதிலா 8 மெகாபிக்சல் நெருக்கி வச்சா ஒவ்வொரு பிக்சலுக்கும் கெடைக்குற வெளிச்சம் நாலுல ஒண்ணாகும். அப்பம் படத்துல புள்ளி புள்ளியா எரைச்சல் வரும், அத மறைக்க கேமரா தானே படத்த மெழுகி விடும், முகம் மெழுகுபொம்ம மாதிரி ஆயிரும். பிக்சல் எண்ணிக்கை இருக்கும், வெவரம் இருக்காது. அதனால இருட்டுல பாக்கணும்னா பெரிய சென்சார் உள்ள 2 அல்லது 4 மெகாபிக்சல் கேமரா, சின்ன சென்சார்ல அடைச்ச 8 மெகாபிக்சல விட பல நேரம் நல்ல படம் குடுக்கும்.

இன்னொண்ணு ஷட்டர். இருட்டுல கேமரா வெளிச்சம் சேக்கறதுக்காக ஒவ்வொரு படத்தையும் ஒரு செகண்டுல 25-ல ஒரு பங்கு நேரம் தொறந்து வைக்கும். சாதாரணமா நடக்குற ஆளு ஒரு செகண்டுக்கு 1.4 மீட்டர் போவான், அந்த நேரத்துக்குள்ள அஞ்சரை சென்டிமீட்டர் நகந்துருவான். 250 பிக்சல் அளவுல அது 14 பிக்சல் இழுவல். 40 பிக்சல் முகத்துல 14 பிக்சல் அழிஞ்சா என்ன மிச்சம்? இத சரி பண்ண ஷட்டர 50-ல ஒண்ணு, 100-ல ஒண்ணுன்னு குறைக்கணும், அதுக்கு வெளிச்சம் வேணும். கேட்டுல விடிய விடிய எரியுற ஒரு எல்இடி பல்பு, 4கே கேமராவ விட கூடுதல் பிரயோசனம். இத நான் பல வீட்டுல சொல்லி பல்பு போட வச்சு அதே பழைய கேமராவுல முகம் தெரிய வச்சிருக்கேன்.

கேமராவுக்குள்ளயே இருக்குற ஐஆர் விளக்க, அதாவது நம்ம கண்ணுக்கு தெரியாத இன்ப்ராரெட் வெளிச்சத்த, ரொம்ப நம்பாதீங்க. மழ நேரம் அது துளிய எல்லாம் வெள்ள கோடா காட்டும், அப்புறம் பூச்சி வரும், பூச்சிய பிடிக்க சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால வல கெட்டிரும், ஐஆர் அந்த வலையில பட்டு படம் முழுக்க வெள்ளையா போயிரும். ரப்பர் தோட்டத்துக்குள்ள, தென்னந்தோப்புக்குள்ள இருக்குற வீடுகள்ல இது வாரா வாரம் நடக்கும். நமக்கு வருஷத்துல ரெண்டு மழ, ஆனி ஆடியில ஒண்ணு, ஐப்பசி கார்த்திகையில ஒண்ணு, அந்த ரெண்டுக்கும் முன்னாடி ஒரு தடவ எல்லா கேமராவயும் தொடச்சு சிலந்தி வலைய எடுத்து விடுங்க.

எவ்வளவு உயரத்துல, எந்த செவுத்துல

கேமராவ திருடன் கைக்கு எட்டக்கூடாதுன்னு சன்ஷேடுக்கும் மேல அஞ்சு மீட்டர் உயரத்துல வைக்காங்க. நாலு மீட்டர் தள்ளி நிக்குற ஆளோட முகத்த அங்க இருந்து பாத்தா கோணம் 40 டிகிரி வரும், தலமுடியும் தொப்பியும்தான் தெரியும், 250 என்ன 500 பிக்சல் இருந்தாலும் உச்சந்தலைய வச்சு யாரு ஆள சொல்ல முடியும். அதே கேமராவ 2.7 மீட்டர் உயரத்துக்கு எறக்குனா கோணம் 15 டிகிரிக்கு வந்துரும், முகம் நேரா விழும். முகம் பாக்குற கேமரா எறங்கி இருக்கட்டும், அத பாத்துக்க இன்னொரு கேமரா மேல இருக்கட்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்து எப்படின்னு சொல்ல வேண்டாம், காத்தாலை காத்தாடி நிக்குறத பாத்தாலே தெரியும். அங்க தனி கம்பத்துல 12 எம்எம் லென்ஸ் கேமரா வச்சா கம்பம் ஆடுற ஆட்டம் படத்துல பல மடங்கா தெரியும், அகலம் குறைஞ்ச படத்துல சின்ன ஆட்டமும் பெரிசாகும். செவுத்துல அடிச்சு வைங்க, வழியில்லன்னா கம்பத்துக்கு தாங்கு கம்பி போடுங்க. குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் மாதிரி கடக்கரை ஊர்ல வேற தொல்ல, உப்புக்காத்து கண்ணாடியில மெல்லிசா ஒரு படலமா படியும், தூரத்துல பாத்தா தெரியாது, ஆனா ராத்திரி ஐஆர் பட்டதும் பனிமூட்டம் மாதிரி ஆகும். அரைப்பந்து மாதிரி மூடி போட்ட டோம் கேமரா அங்க வேண்டாம், நீள குழல் மாதிரி உள்ள புல்லட் கேமரா வாங்கி வாரத்துக்கு ஒருக்க நல்ல தண்ணியில மெல்லிய துணி நனைச்சு தொடைங்க. உலந்த துணியால தேச்சா உப்பு கண்ணாடிய கீறிரும்.

கெழக்க பாத்த கடைன்னா காலையில வெயில் நேரா வாசல்ல அடிக்கும், உள்ள வாற ஆளு கருப்பு நிழலா வருவான். அதுக்கு டபிள்யூடிஆர், அதாவது வெயிலையும் நிழலையும் ஒரே படத்துல சரியா காட்டுற வசதி, உள்ள கேமரா வேணும், அட்டையில 120 டிபின்னு போட்டிருக்கத வாங்குங்க, டிஜிட்டல் டபிள்யூடிஆர்னு மட்டும் போட்டிருந்தா அது இந்த வெயிலுக்கு காணாது.

வண்டி நம்பர்

முகத்துக்கு போதும்னா நம்பருக்கும் போதும்னு நெனைக்காதீங்க. கார், லாரிக்கு நம்பர் பிளேட்ல எழுத்து உயரம் 65 மில்லிமீட்டர், 250 அளவுல அது 16 பிக்சல், படிக்கலாம். பைக்குக்கு பின்னால எழுத்து 35 மில்லிமீட்டர், நம்பர் 40, முன்னால 30 தான். 250 அளவுல பைக் எழுத்து ஒன்பது பிக்சல்கூட வராது. நாகர்கோவில் வண்டி டி.என். 74, மார்த்தாண்டம் வண்டி டி.என். 75, அந்த ஒத்த எழுத்துல நாலா அஞ்சான்னு தெரியாம ஒரு கேஸே நின்னு போகும். ஒன்பது பத்து பிக்சல் உயரத்துல, அதுவும் ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்துல, நாலும் அஞ்சும் ஒண்ணு மாதிரி இருக்கும். பைக் நம்பர் வேணும்னா 400 பிக்சலுக்கு கொறையாம பாத்துக்குங்க, ஷட்டர் 500-ல ஒண்ணோ அதவிட வேகமாவோ இருக்கட்டும், ஏன்னா 30 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி 25-ல ஒரு பங்கு செகண்டுல 33 சென்டிமீட்டர் போயிரும், 500-ல ஒண்ணுன்னா ஒன்றரை சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கூடுதல்தான். களியக்காவிளை ரோட்டுல கேரளா வண்டியும் நம்ம வண்டியும் கலந்து போகும், அங்க கடை வச்சிருக்கவங்க ரோட்ட பாக்குற கேமராவ நம்பி இருக்காதீங்க, வண்டி மெதுவா திரும்புற எடத்த, பார்க்கிங் நுழைவ பாத்து வைங்க.

ஹார்டு டிஸ்க் கணக்கு

4 எம்பிபிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 4 மெகாபிட் அளவுல (இதத்தான் பிட்ரேட்டுன்னு சொல்லுறது), பதியுற ஒரு கேமரா ஒரு நாளைக்கு 43 ஜிபி எடுக்கும். நாலு கேமரா 30 நாளுன்னா 5 டிபிக்கு மேல. வீடியோவ கூடுதலா சுருக்குற எச்.265 முறைய போட்டு 2 எம்பிபிஎஸ்ல வச்சா பாதி. நாள் கூடுதலா நிக்கணும்னு 8 மெகாபிக்சல் கேமராவையும் 2 எம்பிபிஎஸ்ல அமுக்கி வைக்காங்க, அது வேண்டவே வேண்டாம், ஆளு அசையும்போது முகம் கட்டம் கட்டமா உடையும், அதுக்கு 2 மெகாபிக்சலே போட்டிருக்கலாம். அளவா மெகாபிக்சல் எடுத்து அதுக்கு போதுமான பிட்ரேட் குடுங்க.

வச்சு முடிச்ச பொறவு சோதிக்குறது

இது முக்கியம், அரை மணி நேரம்தான் ஆகும். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பு வெட்டி வெள்ள பெயிண்ட் அடிச்சுக்குங்க. கேட்டுல ஒரு ஆள நிக்க வச்சு கம்ப முகத்துக்கு நேரா குறுக்க பிடிக்க சொல்லுங்க. பதிஞ்ச படத்துல இருந்து, லைவ்ல இருந்து இல்ல, ஒரு படம் எடுத்து கம்ப்யூட்டர்ல பெயிண்ட் புரோகிராம்ல தொறந்து கம்போட ஒரு நுனியில இருந்து மறு நுனி வர எத்தன பிக்சல்னு பாருங்க. அதுதான் உங்க அளவு. 250 வந்தா சரி. கம்ப்யூட்டர் இல்லன்னா இன்னொரு வழி இருக்கு, 1080 படத்துல ஆளு உச்சியில இருந்து கால் வர படத்தோட உயரத்துல அஞ்சுல ரெண்டு பங்கு இருந்தா ஏறக்குறைய 250 வந்துரும், பத்துல ஒண்ணுதான் இருக்கான்னா உடுப்புதான் தெரியும்.

அதே சோதனைய ராத்திரி 11 மணிக்கு ஒருக்க செய்யுங்க, இந்த தடவ ஆளு நிக்காண்டாம், சாதாரணமா நடந்து வரட்டும், தெரிஞ்ச ஆளா இருக்காண்டாம், உங்களுக்கு பழக்கமில்லாத ஒருத்தர் நடந்து வரட்டும். தெரிஞ்ச ஆள்னா மங்கலான படத்துலயும் நம்ம மனசு முகத்த நெரப்பிரும். படம் நல்லா இருக்குன்னு பலரும் ஏமாந்து போறது அதனாலதான், அந்த பையன் மாட்டுனதும் இதே காரணத்தாலதான், பாத்தவங்க மனசுல ஏற்கெனவே இருந்த முகத்த அந்த எட்டு கட்டத்துல வச்சுட்டாங்க. இப்பம் ஏஐ ஆப்ல போட்டு முகத்த தெளிவாக்கி தாறேன்னு சொல்லுறாங்க. அது படத்துல இல்லாத கண்ணையும் மூக்கையும் தானா வரையும், அது வேற யாரோட முகமோ. தயவு செஞ்சு அத வச்சு யாரையும் சொல்லிராதீங்க.

போலீசுக்கு குடுக்கும்போது

2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய சாக்ஷிய அதினியம்னு புது சாட்சி சட்டம் நடப்புல இருக்கு, பழைய சட்டத்துல 65பின்னு சொன்னது இப்பம் 63-ம் பிரிவு. டிவிஆர்ல இருந்து எடுத்த காப்பிய கோர்ட்டுல ஏத்துக்க சர்டிபிகேட் வேணும், அது ரெண்டு பாகம், ஒண்ணு டிவிஆர் பொறுப்புல உள்ளவரு குடுக்கணும், இன்னொண்ணு நிபுணர் குடுக்கணும், பைலோட ஹாஷ் நம்பரும், அதாவது பைல் கொஞ்சம் மாறுனாலும் மாறிப்போற அடையாள எண்ணும், அதுல வரணும். வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்புனா வாட்ஸ்அப் அத திரும்ப அமுக்கும், ஹாஷ் மாறும், பிக்சலும் போகும். அதனால டிவிஆர்ல இருந்து நேரா பென்டிரைவுக்கு எடுங்க, டிவிஆர்ல நேரம் சரியா இருக்கான்னு போனோட ஒப்பிட்டு வித்தியாசம் எத்தன நிமிஷம்னு ஒரு தாள்ல எழுதி வைங்க, டிவிஆர் பழசு மேல பதிஞ்சு அழியாம இருக்க ரெக்கார்டிங்க நிறுத்திருங்க, இல்லன்னா ஹார்டு டிஸ்க்க கழத்தி வைங்க.

கேமரா வாங்குறதுலயும் ஒண்ணு, 2025 ஏப்ரல் 9-ல இருந்து புதுசா வாற சிசிடிவி கேமராவுக்கு பாதுகாப்பு சோதனை முடிஞ்ச பதிவு கட்டாயம், பில்லோட அந்த மாடலுக்கு பிஐஎஸ், அதாவது இந்திய தர நிர்ணய அமைப்போட, பதிவு நம்பர் இருக்கான்னு கேளுங்க. படம் எவ்வளவு தெளிவா இருந்தாலும் யாரோ எங்கேயோ இருந்து பாக்க முடிஞ்சா அது காவல் இல்ல. அப்புறம் பாஸ்வேர்ட மாத்துங்க, பக்கத்து வீட்டு கெணத்தங்கரையும் அடுக்களையும் படத்துல விழுதான்னு பாத்து அந்த பக்கத்த பிரைவசி மாஸ்க் போட்டு மறைச்சுருங்க.

ரப்பர் கடையில நாங்க செஞ்சது இது. பழைய கேமராவ கழத்தல, முற்றத்த அகலமா பாக்க அது அங்கயே இருக்கு. டிவிஆர்ல லைட்ட எடுத்தோம், முழு 5 மெகாபிக்சல் பதியணும்னா அந்த டிவிஆர்ல பிரேம் குறையும், பரவாயில்லன்னு வச்சோம். கடைத்திண்ணையில, தரையில இருந்து 2.7 மீட்டர்ல, 12 எம்எம் லென்ஸோட ஒரு 4 மெகாபிக்சல் ஐபி கேமரா கேட்ட மட்டும் பாக்குற மாதிரி வச்சோம், 14 மீட்டர்ல ஆறரை மீட்டர் சொச்சம் அகலம், கணக்குப்படி 388. கேட்டு தூண் ரெண்டுலயும் பல்பு. அன்னைக்கு ராத்திரி அண்ணாச்சி தானே கம்ப பிடிச்சு நின்னார், எண்ணி பாத்தா 380 வந்தது. அந்த பால் வெட்டுற பையனும் நின்னான். அவன்தான் பைக்க கேட்டுக்குள்ள மெதுவா ஓட்டி வந்தான், பின்னால நம்பர்ல 75 தெளிவா தெரிஞ்சது.